அக்காவைக் கூப்பிட்ட கண்ணாடி

அவருக்கு வயது நாற்பத்தொன்று. இதுவரை கொடுத்த புதையல்கள் இருநூறுக்கும் மேல். அவற்றில் ஒன்றுகூட அடகுக்கடையில் செல்லாது.

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மாலைகளில், சலவைக்கடைக்கு மேலுள்ள தன் அறையில் மூன்று பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து மாயக்கதை ஆட்டம் நடத்துவார். அவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகிப் பகடை உருட்டிக் குகைக்குள் இறங்குவார்கள். பூதம் செத்தால் புதையல். வீரனுக்கு என்ன வேண்டும் என்று பார்க்காமல், ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். நாளெல்லாம் நின்றபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மருந்துக்கடைக்காரிக்கு, யார் கண்ணிலும் படாமல் மறைக்கும் போர்வை. பள்ளி வேன் டிரைவருக்கு ஒரு குதிரை.

"தீனி கேக்குமா?" என்றார் டிரைவர்.

"கேக்காது. முக்கியமா, பின்னால உக்காந்து வாந்தி எடுக்காது."

மூன்றாமவர் மெக்கானிக்கின் அக்கா கணவர். போன குளிர்காலத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தபோது, அத்தான் கிடங்கில் கூடுதல் நேர வேலையில் இருந்தார்; போனை எடுக்கவில்லை. அதிலிருந்து வேலைக்குப் போவார், வந்து படுப்பார். வேறு வாசல் மிதிப்பது இந்த அறை ஒன்றுதான். இதையும் விட்டால் மனுஷன் தேறமாட்டார் என்று மெக்கானிக்குக்குப் பயம்.

அதனால்தான் அவருக்கான அடுத்த புதையலாக ஒரு மாயக் கண்ணாடியை யோசித்தார். அதில் இறந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். கதையில் மாண்டுபோன தளபதியை அத்தான் கூப்பிடுவார், கொஞ்சம் அழுவார், பாரம் இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அந்த ஞாயிறு பூதம் செத்ததும் கண்ணாடி அத்தானின் வீரனுக்குக் கிடைத்தது. அத்தான் பகடையைத் தள்ளிவைத்தார். "உங்கக்காவக் கூப்பிடு."

"அத்தான், இது கதையில செத்தவங்களுக்கு..."

"அப்படி நீ சொல்லலையே மாப்ள."

சொல்லவில்லைதான். "வேணாமே" என்று மருந்துக்கடைக்காரி முணுமுணுத்தாள். அத்தான் காதில் வாங்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே கேட்டார்: "என் மேல கோவமா இருக்கியா?"

கடைசி நேரத்தில் அக்காவின் பக்கத்தில் இருந்தவர் மெக்கானிக். அவள் சொன்னது தொண்டைவரை வந்தது: 'வரட்டும் அந்த மனுஷன், வெச்சிக்கிறேன்.' அதை விழுங்கிவிட்டு, அக்கா இழுத்துப் பேசும் விதத்திலேயே சொன்னார்: "இல்லைங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

அத்தான் நிமிர்ந்தார். "இத்தன வருஷத்துல அவ ஒரு நாளும் கோவமில்லன்னு சொன்னதே இல்லடா. அவளா இருந்தா கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பா."

எழுந்து படியிறங்கினார். மெக்கானிக் பின்னாலேயே ஓடினார். "அக்கா திட்டத்தான் செஞ்சா அத்தான்! வரட்டும், வெச்சிக்கிறேன்னுதான் சொன்னா. சத்தியமா."

அத்தான் பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "எனக்கு எது வேணும்னு பாத்துப் பாத்துக் குடுக்கிற ஆளுடா நீ. இத மட்டும் எப்படி நம்புறது?"

அந்த மாதமே அவர் தொலைவிலிருந்த வேறு கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இப்போது இரண்டு பேரோடு நடக்கிறது. யாருக்கு எந்தப் புதையல் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்கிறார்கள்.