திண்டி என்ற சொல்லும் எங்கள் அங்கன்வாடியும்

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. பெற்றது மூன்று, வளர்த்தது ஏழு. கொழுந்தன் பிள்ளைகள் இருவர், தாயில்லாமல் வந்த தங்கை மக்கள் இருவர், எல்லாரும் என் கைச்சோறு தின்று ஆளானவர்கள். ஒருத்தி நர்ஸ், ஒருவன் ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய விஷயத்தில் அடக்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

எட்டாவதாகப் பேத்தியை வளர்க்க வேண்டி வந்தபோது என் முழங்கால் மக்கர் செய்தது. மருமகளுக்குக் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. மகன் லாரியோடு போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. பேத்திக்கு மூன்று வயது. நடை என்பதே கிடையாது, எல்லாம் ஓட்டம்தான். மைசூரில் எங்கள் சந்துக் கோடியில் இருந்த அங்கன்வாடி மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன பாடுபட்டிருப்பேனோ. காலையில் விட்டால் அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம்.

அதை மூடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. பிள்ளைகள் போதவில்லையாம். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அங்கன்வாடியோடு சேர்த்துவிடுவார்களாம். லாரியும் பஸ்ஸும் பறக்கிற அந்த ரோட்டை, அந்த ஓட்டக்காரியைப் பிடித்துக்கொண்டு நான் தாண்டுவதா?

"மூடிட்டாங்கன்னா நான் வேலைய விட்டுற வேண்டியதுதான் அத்தை," என்றாள் மருமகள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

"அதெல்லாம் விட வேண்டாம் கண்ணு, பார்த்துக்கலாம்," என்றேன். எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் சந்தின் கோடியைத் தாண்டினால் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். அடுக்குமாடி கட்ட வந்த நம் ஜனங்கள், திருவண்ணாமலைப் பக்கம், விழுப்புரம் பக்கம். பிள்ளைகளை மணல்மேட்டில் விட்டுவிட்டுத்தான் பெண்கள் சித்தாள் வேலை பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கு மட்டும் அனுப்பமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "வேணாம்மா" என்பதற்கு மேல் பேச்சு வராது. அங்கன்வாடி ஆபீசிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டி வந்து, "இந்த ஏரியாவில் யாருமே பிள்ளைகளை அனுப்புவதில்லை, இது வெட்கக்கேடு" என்று தமிழ், கன்னடம் இரண்டு பாஷையிலும் முழங்கிவிட்டுப் போனார்கள். அதுவரை அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் அதோடு நின்றுபோயின.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அப்பா அம்மா இருவரும் டீச்சர்கள். காலேஜில் மேல்படிப்பு படிக்கிறாள், படித்ததை எங்கள் சந்தில் செய்து பார்க்க வந்திருக்கிறாள். என்னைப் பாட்டி என்னாமல் இந்த ஊர் வழக்கப்படி அஜ்ஜி என்றுதான் கூப்பிட்டாள்.

"என்ன படிப்பும்மா?"

"சமூக மனோதத்துவம், அஜ்ஜி."

"பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதா?"

"இல்லை அஜ்ஜி. பைத்தியம் இல்லாதவங்க நாலு பேர் ஒண்ணாச் சேர்ந்தா என்ன செய்வாங்கன்னு பாக்கற படிப்பு."

"அடி ஆத்தா, அதுதான் இருக்கறதிலேயே பெரிய பைத்தியம்!"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எனக்குத் தமிழ் கன்னடம் இரண்டும் தண்ணீர்பட்ட பாடு, பிறந்தது இரண்டு பாஷையும் புழங்குகிற கொள்ளேகால் அல்லவா. அவளோடு கொட்டகை கொட்டகையாகப் போனேன்.

மைக்குக்காரர்கள் சொன்ன விஷயத்தை அவளிடம் சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாருமே அனுப்பலைன்னு சொன்னா, ஓ, அனுப்பாததுதான் இங்க வழக்கம் போலன்னு மனசு எடுத்துக்கும் அஜ்ஜி. திட்டு காதுல விழாது, அந்தச் சேதி மட்டும் விழும்." எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஒருவரும் எழுந்திருக்காவிட்டால் நாமும்தானே பசியோடு உட்கார்ந்திருக்கிறோம்?

அவள் யாரையும் ஏன் அனுப்பவில்லை என்று கேட்கவில்லை. "உங்களுக்கு ஆசை இருக்கா?" என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கேட்டாள். ஆசை எல்லாருக்கும் இருந்தது. "மத்தவங்களுக்குத்தான் இஷ்டமில்ல" என்று ஒவ்வொருத்தியும் மற்றவளைக் கைகாட்டினாள். இவள் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவளிடமும் அவரவர் சம்மதத்தோடு போய்ச் சொன்னோம். கோள் சொல்லிக் குடும்பம் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோள் சொல்லி நல்லது செய்தது அந்த ஒரு தடவைதான்.

ஒருத்தி மட்டும் மசியவில்லை. நல்ல உயரம், கொட்டகைப் பெண்களுக்கெல்லாம் அவள் பேச்சுதான் பேச்சு. "அந்த ஆயா மரியாதையில்லாதவ. அங்க எம்புள்ளைய அனுப்பமாட்டேன்," என்றாள். என்ன மரியாதைக் குறைச்சல் என்று கேட்டால் மணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அங்கன்வாடி ஆயாவோ கன்னடக்காரி, தமிழ் சுத்தமாகத் தெரியாது. "நான் பேசினாலே அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கன்னடத்தில் என்னிடம் அழாத குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு ராகி உருண்டை பிடிக்க வாருங்கள் என்று சந்துக்காரப் பெண்களையும் கொட்டகைப் பெண்களையும் அந்தப் பெண் கூப்பிட்டாள். சந்துக்காரி ஒருத்தியையும் கொட்டகைக்காரி ஒருத்தியையும் ஜோடியாக உட்காரவைத்தாள். ஒருத்தி கையில் வறுத்த ராகி மாவு, இன்னொருத்தி கையில் வெல்லமும் நிலக்கடலையும். உயரக்காரிக்கு ஜோடி ஆயா.

"பிடிக்காதவங்களைப் பக்கத்துல உட்காரவெச்சாப் போதாது அஜ்ஜி. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தருக்கு முடியாத வேலையாக் குடுக்கணும்," என்று என் காதில் சொன்னாள். எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து மாவை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, அந்தப் பெண் வரச் சொல்லியிருந்த ஆபீஸ் பெரிய மேடம் உள்ளே வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. ஆயா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பவ்யமாக, "மேடம், திண்டி ஆய்தா?" என்றாள்.

"ஆய்த்து, ஆய்த்து," என்றார் மேடம்.

உயரக்காரி கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது. என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா, அவ்ளோ பெரிய அம்மாவையே 'தின்டி'ங்கறா, வேலை போயிடாதா?" என்றாள்.

"என்ன சொன்னே?"

"கொழாயடில பாத்தா என்னையும் தினம் அப்டிதாம்மா சொல்லுவா. 'தின்டி, ஆச்சா'ன்னு. சாப்ட்டியான்னு கேட்டா வாயி நோவுமா? தின்றதுக்கு நாங்க இன்னா மாடா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் மாவுத் தட்டைத் தட்டிவிட்டேன். இந்த ஊரில் திண்டி என்றால் காலைப் பலகாரம். இட்லியோ உப்புமாவோ, ஆயிற்றா என்று கேட்பதுதான் மைசூர்க்காரர்களின் வணக்கம். இத்தனை வருஷமாக என் காதில் அது பலகாரமாகத்தான் விழுந்திருக்கிறது. புதிதாக வந்தவள் காதில் 'தின்னுடி' என்று விழுந்திருக்கிறது. ஒருத்தி காதில் விழுந்தது கொட்டகை பூராவும் பரவி, சின்னப் பிள்ளைகள் மணலில் கிடந்தன.

விளக்கிச் சொன்னேன். அவளுக்கு முதலில் முகம் சிவந்தது. ஆயாவுக்குக் கன்னடத்தில் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ தேவரே!" என்று அழுகையும் சிரிப்புமாக உயரக்காரியின் தாடையைப் பிடித்தாள், மாவுக் கையோடு.

"போ ஆயா, என் மூஞ்சிய உருண்டை பிடிச்சிடாதே," என்றாள் உயரக்காரி. அதற்குப் பிறகு அந்த அறையில் யார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை உயரக்காரி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள், பின்னாலேயே மற்றவர்கள். வருகிறவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு மேடமும் மூடுகிற பேச்சை விட்டுவிட்டார். மருமகள் வேலையை விடவில்லை. இன்றைக்கு அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள்.

அந்தப் பெண் படிப்பு முடிந்து எங்கோ வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு நான் ஒரு வாய் காப்பிக்கு மேல் ஒன்றும் கொடுத்ததில்லை. அவள் எங்களில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பேசிக்கொள்ள ஒரு வேலையை நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ஏழு பேரை வளர்த்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவளைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும், அப்படி ஒரு படிப்பைக் கண்டுபிடித்தவர்களும் நன்றாக இருக்க வேண்டும்.

எழுத்துக்கூட்டி எழுதிக் கை வலிக்கிறது. ஏ கண்ணு, ஆடினது போதும், இங்க வா. உன்னால உங்கம்மா வேலை போக இருந்து போகாம நின்ன கதைய எழுதியிருக்கேன். அவ வேலைல இருந்து வர்றதுக்குள்ள ஒருக்காப் படிச்சுக் காட்டு, நிறுத்தி நிதானமா.