சாவு விழாத வீட்டில் பாடக்கூடாது

வானொலியில் சங்கீத நிகழ்ச்சி நடத்துவது என் பிழைப்பு. பகலெல்லாம் ராகத்தின் பெயரை வழவழப்பான தமிழில் சொல்லிவிட்டு, கத்திவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வாய் தானாகவே எங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடும்.

என் அண்ணன் கடலுக்குப் போகிறவன். ஆனால் புளியந்தோப்புவரை அவனைத் தெரிந்தது சாவு வீடுகளில்தான். பிணத்தை எடுக்கும்வரை, செத்தவர் பேரையும் குணத்தையும் வைத்துக் கட்டிக் கானா பாடுவான். அம்மா மட்டும் அதைக் கேட்டதே இல்லை. சாவு விழாத வீட்டில் அந்தப் பாட்டை முனகக்கூட விடமாட்டாள். அவன் பாடப் போகும் வீடுகளுக்கும் போகமாட்டாள், கூச்சம்.

அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"எம்பாட்ட ரேடியோல போடுமே. அம்மா ஒரு தபா கேக்கட்டும்" என்றான். தங்கச்சியான என்னிடம் வேறெதுவும் அவன் கேட்டதில்லை.

"இதெல்லாம் நம்ம நேயர்களுக்கு ஒத்துவருமா?" என்று முகம் சுளித்தார் நிலைய அதிகாரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன வித்வான்களுக்கு நான் எத்தனை அஞ்சலி படித்திருக்கிறேன், அதெல்லாம் மட்டும் என்னவாம்? சண்டை போட்டுத்தான் ஒரு மத்தியான நேரம் வாங்கினேன்.

மைக் முன்னால் உட்கார்ந்ததும் அவன் திருதிருவென்று முழித்தான்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. சும்மா பாடுண்ணே."

"பேரு இல்லாம எப்டிமே பாடறது?" கொஞ்ச நேரம் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "சர்தான், எம்பேரப் போட்டுக்கறேன்."

"வாயக் கழுவுண்ணே."

சிரித்தான். பிறகு பாடினான். படகு, அலை, அம்மா வைத்த மீன் குழம்பைத் திருடித் தின்றது, எல்லாம் வந்தன. இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. கடைசியில் "யம்மா" என்று ஓர் இழுப்பு.

ஒலிபரப்பான அன்று அவன் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் அம்மாவோடு ரேடியோ முன்னால் இருந்தேன். என் அறிவிப்பு முடிந்து பாட்டு தொடங்கியது. அவன் பேர் வந்ததுதான் தாமதம், அம்மா பாய்ந்து ரேடியோவை அணைத்தாள்.

"புள்ள ஆஸ்பத்திரில கீறான். ஊட்ல சாவுப் பாட்டு வெக்கிறியா நீ?"



கழுத்தில் ஓட்டையோடு வீடு திரும்பியவன், முதல் வேலையாக அம்மாவைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

"கேட்டேன்பா. சோக்கா பாடிக்கீற" என்றாள் அம்மா. அவன் முகம் மலர்ந்தது.

நோய் அவனை விடவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் போய்விட்டான்.

வாசலில் பந்தல் போட்டார்கள். அவனோடு பாடுகிறவர்கள் புளியந்தோப்பிலிருந்து மேளத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ரேடியோல போட்டியே, அத்தப் போடு. இப்போ போடலாம்."

போனில் இருந்த பதிவை ஸ்பீக்கரில் வைத்தேன். அம்மா ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தபடி, அழாமல் கேட்டாள். அவன் "யம்மா" என்று இழுத்த இடத்தில் பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"கேட்டுக்கினுதான் கீறேன்பா" என்றாள்.