அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

எண்பதுகளின் தொடக்கம் அது. கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம்வரை, அதாவது பதினோரு வருடம், பள்ளியில் படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, "பாப்பா, ஒண்ணுக்குப் போனா ரத்தமா போவுது. வலி ஒண்ணும் இல்ல" என்றார். அவருக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸர் புதிதாக வந்த மலாய்க்கார இளைஞர். அம்மாவுக்கு மலாய் சரியாக வராது என்பதால் நானும் போனேன். பெஞ்சில் எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சேர்ந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர். அவரிடம் மலாயிலேயே பேசியிருக்கலாம். எல்லோரும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினேன். என்ன தொந்தரவு என்று அவர் கேட்டதும், சிறுநீர் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. ஓர் ஆண்பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூசியது. "ரத்தம் போகிறது" என்றேன். "மாதாமாதம் வருவதா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்.

"எல்லாத்தயும் வெவரமா சொன்னியா?" என்று அம்மா வெளியே வந்ததும் கேட்டார்.

"சொல்லிட்டேன்மா."

ரத்தம் விட்டுவிட்டு வந்தது. அம்மா மாத்திரையை நம்பினார். நான் அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, லோரி ஓட்டும் சித்தப்பாவுக்கும் அப்படியே வந்தது. அவர் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "எஞ்சே, கென்சிங் டாராலா" என்று சிறுநீரில் ரத்தம் வருவதை ஊருக்கே கேட்கும்படி மலாயில் சொன்னார். "என்னண்ணே, பீட்ரூட் தோட்டத்துல பூந்துட்டிங்களா?" என்று யாரோ கிண்டல் செய்ய, பெஞ்சே சிரித்தது. டிரஸர் சிரிக்கவில்லை. அந்த வாரமே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிறுநீர்ப்பையில் சின்னதாக ஒரு புற்றுக்கட்டி. எடுத்துவிட்டார்கள்.

சித்தப்பா வீடு திரும்பிக் கதை சொன்னபோது, அம்மா என் பக்கம் திரும்பி, "எனக்கும் இதேதான பாப்பா?" என்றார்.

மறுநாளே அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். எப்போதிலிருந்து என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா முகம் மலர, "போன வருசமே வந்துச்சு டாக்டர். எம்மவ அப்பவே டிரஸர்கிட்ட இங்கிலீஸ்லயே சொல்லிருச்சு" என்றார்.

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. சொன்னேன். நான் டிரஸரிடம் உண்மையில் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு அம்மாவைச் சோதனைகளுக்கு அனுப்பினார். முடிவுகள் வந்ததும், கட்டி சிறுநீர்ப்பையின் சதைக்குள் இறங்கிவிட்டது என்றார். பெண்களுக்கு இது பல நேரம் தாமதமாகத்தான் தெரியவருகிறது, ரத்தத்தை வேறொன்றாக நினைத்துவிடுகிறார்கள் என்றார். அம்மா அப்படி நினைக்கவில்லை. நான்தான் டிரஸரை அப்படி நினைக்க வைத்தேன்.

"என்னா சொல்றாங்க?" என்றார் அம்மா. கட்டியைப் பற்றிச் சொன்னேன். என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அம்மா இல்லை. சித்தப்பா அதற்குப் பிறகும் பல வருடம் லோரி ஓட்டினார். லயத்துப் பெண்கள் கிளினிக்குக்குத் துணையாக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் விடுவதில்லை. ஆனால் என் அம்மா கடைசிவரை என்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே போய்விட்டார், அந்தப் பெருமையைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.