புதன்கிழமையும் வருவாருங்க

1974 நவம்பர் 20, புதன்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் தூறிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, வாடைக்காற்று அடித்தது. அந்த வேளையில் என் தம்பி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடிகாரத்தைப் பார்த்தவன் நான். அழுகிற வீட்டில் கடிகாரம் பார்க்க இவருக்கு எப்படி மனம் வந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலர் தம்பியைப் பற்றி என்னிடம் வாய்விட்டே கேட்டிருக்கிறீர்கள்: "அவ்வளவு வைராக்கியமா இருந்து என்னத்தக் கண்டாரு?" அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காங்கேயத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தோம். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். அப்பா அரிசி ஆலையில் நெல் அவித்தார். அவர் சம்பாத்தியத்தில் ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடிந்தது. மூத்தவனான நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். தம்பி ஐந்தாம் வகுப்போடு நின்றார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, துணி பின்னும் மெஷின் ஓட்டுபவராக உயர்ந்தார். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் பிறந்தாள். பெருமாநல்லூர் சாலையில் கீற்று வேய்ந்த வீடொன்றில் குடியிருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஏழாம் நாள் ஆராதனை. இப்படியே பல ஆண்டுகள் ஓடின.

பிறகு அணைகளில் தண்ணீர் வற்றி மின்வெட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆலைகள் ஓடாததால் அன்றைக்கு மட்டும் தடையில்லாமல் மின்சாரம் கிடைக்கும். ஆகவே ஊரில் பல கம்பெனிகளும் ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாகவும் புதன்கிழமை விடுமுறையாகவும் மாற்றிக்கொண்டன. தம்பியின் முதலாளியும் மாற்றினார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். தைப்பூசத்துக்கு மெஷின்களை நிறுத்திவிட்டுப் பழனிக்கு நடந்து போகிற பக்திமான் அவர். அன்று நானும் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழம மட்டும் வரமாட்டனுங்க. மத்த ஆறு நாளும் ரெண்டு ஷிப்டு பாக்கறனுங்க," என்றார் தம்பி.

"மத்த நாளு கரண்ட நீயா குடுக்கப் போற?" என்றார் முதலாளி. "ஏனப்பா, உங்க சாமி புதங்கெழம கூப்பிட்டா வரமாட்டாரா?"

மெஷின்காரர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார்.

"புதங்கெழமையும் வருவாருங்க. ஞாயித்துக்கிழம வர்றேன்னு சொன்னது நானுங்க. சொன்ன சொல்ல நான் எப்படிங்க மாத்தறது?"

முதலாளி, "அப்ப கணக்க முடிச்சுக்க," என்று உள்ளே போய்விட்டார்.

வேறு கம்பெனிகளிலும் இதே கதைதான். 'ஞாயித்துக்கிழமைக்காரரு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வெளுப்புப் பட்டறையில் துணி காயப்போடும் கூலி வேலைக்குப் போனார். ஈரத்துணியைச் சுமந்து தோள் புண்ணாயிற்று. வீட்டில் ஒரு வேளைதான் உலை ஏறியது. மகளின் பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது நான் நேரில் போய் வாதாடினேன்.

"ஆஸ்பத்திரி நர்சம்மா ஞாயித்துக்கிழம வேல செய்யலியா? அவங்களக் கடவுள் தள்ளிட்டாரா?"

"அவங்க நோவாளியப் பாக்கறாங்கண்ணா. பனியனுக்கு நோவு ஒண்ணுமில்லியே."

இப்படிப்பட்டவரிடம் என்னத்தைப் பேசுவது!

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபை வழக்கத்தை அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அவரவர் விளைச்சலில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து அதை ஏலம் விடுவார்கள். கொடுத்தவருக்கு மரியாதையாக, சந்தை விலைக்கு மேல் கேட்டு எடுப்பது வழக்கம். தம்பியிடம் ஏது விளைச்சல்? கூரைமேல் ஒரு சுரைக்கொடி படர்ந்து ஒரே ஒரு காய் விட்டிருந்தது. அதை அறுத்துத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஊட்டுல கொழம்புக்கு ஒண்ணுமில்ல. அதையும் தூக்கிட்டுப் போறானே, நீயாவது சொல்லப்படாதா அம்மிணி?" என்று தம்பியின் மனைவியிடம் கேட்டேன்.

"மொதக் காய் அவருக்குத்தானுங்க மாமா," என்றது அந்தப் பெண். "ரெண்டாவது பிஞ்சு உட்டிருக்குதுங்க. அது நம்முளுக்கு."

அந்தப் பிஞ்சு வெம்பி விழுந்துவிட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும். காய் கொடுத்ததும் வானம் திறந்து கொட்டிற்று என்று சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த மாதமும் பசிதான், மகளின் பள்ளிக்கூடமும் நின்றது. அப்போதும் தம்பி ஞாயிற்றுக்கிழமை வெளுத்த வேட்டி கட்டி, முதல் ஆளாகக் கோயில் வாசலில் நின்றார்.

மறு ஆண்டு மழை பெய்தது, அணை நிறைந்தது, மின்வெட்டு நீங்கியது. முதலாளியே ஆள் அனுப்பினார். புது ஆளுக்குரிய கூலிக்குத்தான். தம்பி போய்ச் சேர்ந்தார். மகளை மறுபடியும் பள்ளிக்கு அனுப்பினார், வீட்டுக்கு ஓடு போட்டார். கொடியை மட்டும் விடவில்லை. ஆண்டுதோறும் முதல் காய் கோயிலுக்குப் போயிற்று.

என்னத்தைக் கண்டார் என்றா கேட்டீர்கள்? ஒன்றையும் காணவில்லை. பழைய கூலி வரவில்லை, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமலாயிற்று, ஐம்பத்தாறு வயதில் போய்விட்டார். எதையாவது காண்பதற்காகவா அவர் கடவுளை நம்பினார்? லாபம் வந்தால் நம்புவதற்குப் பெயர் வியாபாரம். அதற்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமில்லை. கைக்கு ஒன்றும் வராத மாதத்திலும் கொடுத்த சொல்லைக் காத்தவர் என் தம்பி. முடிந்தால் உங்களில் ஒருவர் செய்து காட்டுங்கள்.

கடைசி நாட்களில் உடனிருந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பழனிக்குக் காவடி எடுக்கும் மெஷின்கார நண்பர்களே அன்று தம்பியின் பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். அவர்களை மறக்கமாட்டோம். அன்றைக்கு மெஷின்களை நிறுத்திவிட்டு வந்த முதலாளிக்கும் நன்றி. பெட்டியருகே நின்று அவர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது: "சொன்னாப்புலயே உங்க சாமி புதங்கெழம வந்துட்டாருப்பா."

இந்த மாதம் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் அவர் வந்திருந்தார். தம்பியின் மனைவி வழக்கம்போல முதல் காயைக் கொண்டுவந்து வைத்தது. நான் ஒரு ரூபாய் என்றேன். முதலாளி ஐந்து என்றார். நான் ஆறு, அவர் பத்து. நான் பன்னிரண்டு, அவர் பதினைந்து. என் மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் இருபது என்றேன்.

"வாத்தியாரே, உடுங்க. அவுரு காய் எங்க ஊட்டுக்கு வரட்டுங்க," என்றார் முதலாளி.

"எந்தம்பி எந்த ஞாயித்துக்கிழமையாவது உங்க கம்பெனிக்கு வந்திருக்கறானுங்களா?"

"இல்லீங்க."

"இன்னைக்கும் ஞாயித்துக்கிழமதானுங்க. அவன் காயும் வராதுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். சந்தையில் அன்றைக்குச் சுரைக்காய் அறுபது பைசா. நான் கொடுத்தது இருபது ரூபாய்.