டாக்டரின் இருமல்

ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் அறிக்கைகளை வீட்டிலிருந்தே கேட்டு டைப் செய்வது என் மனைவியின் வேலை. இயர்போன் காதைக் குத்துகிறது என்று புலம்பினாள். காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன் வாங்கிக் கொடுத்து, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். மெத்தென்று இருக்கிறதாம், கழற்றுவதே இல்லை. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஆனால் முகம் தெரியாத டாக்டர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

"எலும்பு டாக்டர் மூணு வாரமா இருமுறாருங்க. பழைய இயர்போனா இருந்தா தெரிஞ்சிருக்காது."

"அவரே டாக்டர். உனக்கென்ன?"

கேட்டால்தானே. அறிக்கையோடு, 'ஐயா, உங்கள் இருமலை யாரிடமாவது காட்டுங்கள்' என்று தனியாக ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டாள். வேலை போய்விடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். அவள் காதுச் சூடு அதில் இன்னும் இருந்தது. யாருடைய மூட்டுவலியையோ சொல்லி முடித்த டாக்டர், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொன்னார்: "காட்டிட்டேம்மா. சளிதான். நீ சொன்னதாலதான் போனேன்."

எட்டு வருடமாக ஒரு சொல் விடாமல் டைப் செய்கிறவள், அந்த வரியை மட்டும் டைப் செய்யவில்லை.