படலையில் வேப்பிலை, பின்வேலியில் பொட்டு

என் வீட்டுக்காரர் வயல் வரம்பில் நின்று இருமினார். துப்பினார். துப்பியதைக் காலால் சேறு தள்ளி மூடினார். சாப்பாடு கொண்டுபோன நான் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டேன்.

"வெத்திலைச் சாறு" என்றார். வீட்டில் வெற்றிலை தீர்ந்துபோனதற்காகக் காலையில் என்னோடு சினந்துவிட்டு வந்ததை மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. சோற்றுப் பெட்டியை வைத்துவிட்டு வரம்பிலேயே குந்திவிட்டேன். 

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வயல்காணி கிடைத்து முரசுமோட்டைக்கு வந்தவர்கள். சொந்தக்காரர் எல்லாரும் ஆனையிறவுக்கு அப்பால். ஒரு தலையிடி என்றாலும் இங்கே எங்களுக்கு நாங்கள்தான்.

ஆசுபத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கசம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்றார் டாக்குத்தர். எங்கள் சனம் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாது. "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்தும். எங்கள் மகள் செல்விக்கு அப்போது ஐந்து வயது. அவளையும் அது பிடித்துவிடுமோ என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம்.

வார்ட்டில் கட்டில் இல்லை. டாக்குத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வீட்டிலை வைச்சுப் பாக்கலாம் அம்மா. ஆனா ஊசி தவறக்கூடாது. கொஞ்சம் சுகம் கண்டோடனை விட்டா, கிருமி மருந்துக்குப் பழகிப்போகும்."

"பழகினா என்ன செய்யிறது டொக்ரர்?"

அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.  நான் பஸ் ஏறினேன்.

உங்கள் வீட்டுக்கும் ஒருவரை இப்படி அனுப்பியிருந்தால், அழுது முடித்துவிட்டு முதலில் இடத்தைப் பாருங்கள். நாங்கள் வளவின் (வீட்டைச் சுற்றி வேலியடைத்த காணி) பின்மூலையில், வாய்க்கால் பக்கமாக, காற்றோட்டமாய் ஒரு கொட்டில் போட்டோம். அவருக்கென்று தனிக் கோப்பை, தனிப் பாய். சளி துப்பச் சாம்பல் போட்ட தேங்காய்ச் சிரட்டை. துப்பியதும் அதை அப்படியே எரித்துவிடுவேன். செல்வி முற்றத்துத் தேசிமரத்தை (எலுமிச்சை) தாண்டி அப்பாவிடம் போகக்கூடாது என்று சட்டம் போட்டேன். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அவரோடு கதைப்பாள். அவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்வார்.

அடுத்தது, ஊசி போட ஆள். ஸ்ரெப்டோமைசின் (கசக் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) போட நாள்தோறும் ஆசுபத்திரிக்குப் போய்வர அவருக்குத் தெம்பு இல்லை. பென்சன் எடுத்த டிஸ்பென்சர் (ஆசுபத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர்) ஒருவர் பக்கத்தில் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, நல்ல மனிசன். ஊசியை அவித்து எடுத்துக்கொண்டு மத்தியானங்களில் சைக்கிளில் வருவார். அவருடைய மணிச்சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இருமல் குறைந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. நானும் சிரிக்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் செல்விக்குக் காய்ச்சல் காய்ந்து, முதுகில் நீர்க்கொப்புளம் போட்டது. கொப்புளிப்பான் (சின்னம்மை).

எங்களுக்கு அது நோய் அல்ல. அம்மாள் வந்திருக்கிறா என்போம். அம்மாள் வந்த வளவில் தாளிப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, வெளியார் உள்ளே வருவதில்லை. கொப்புளத்தைக் கண்ட கையோடு போய் வேப்பிலை முறித்துப் படலையில் (வேலி வாசல் கதவு) கட்டிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. என் அம்மா செய்ததை என் கை செய்தது.

மத்தியானம் மணி கேட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். டிஸ்பென்சர் ஐயா படலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.  டாக்குத்தர் பேனையை மூடியது கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாள் காலை, பக்கத்துக் காணிப் பறுவதமக்கா தான் எப்போதோ அம்மாள் கண்டவள் என்று சொல்லிச் செல்வியோடு இருந்தாள். நான் ஐயாவின் வீட்டுக்கு ஓடினேன். அம்மாள் வளவிலிருந்து வந்தவள் உள்ளே போகக்கூடாது. தெருவில் நின்றே கூப்பிட்டேன்.

"ஐயா, நேற்று ஊசி விட்டுப்போச்சு."

"என்ன பிள்ளை செய்யிறது? அம்மாள் இருக்கிற வளவுக்கை நான் ஊசி கொண்டு வரமாட்டன். எனக்கும் பேரப்பிள்ளையள் இருக்கு."

"அம்மாள் பிள்ளைக்கெல்லோ ஐயா? அவருக்கு இல்லையே."

"வளவு ஒண்டுதானே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைப்போலவே அவரும் பயந்துபோய் நின்றார். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப வளவு ரெண்டெண்டா வருவியளோ?"

வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். அவரோ அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார்.

"நடுவிலை வேலி இருந்தா வேற வளவுதான் பிள்ளை. ஆனா வேற வழியும் வேணும். அந்தப் படலையாலை வரமாட்டன். மத்தியானம் வாய்க்கால் பக்கத்தாலை வந்து பாக்கிறன்."

வீட்டுக் கூரை வேயக் கட்டி வைத்திருந்த கிடுகு (பின்னிய தென்னோலை) முழுவதையும் இழுத்துப் போட்டேன். தேசிமரத்தடியால், ஒரு பக்க வேலியிலிருந்து மற்றப் பக்க வேலி வரை கம்பு நட்டேன். கிடுகு வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குத்தூசியில் (வேலி கட்டும் நீண்ட ஊசி) கயிற்றைக் கோத்து இந்தப் பக்கத்தால் குத்த, மற்றவர் அந்தப் பக்கத்தில் கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும். பறுவதமக்கா பிள்ளையோடு இருந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தது என் வீட்டுக்காரர்தான்.

கதிரையில் (நாற்காலி) இருந்தபடி கயிற்றை வாங்கினார். கொஞ்சம் கட்டுவோம், அவர் மூச்சு வாங்கும்வரை நான் பொறுப்பேன். கிடுகு ஏற ஏற அவர் முகம் மறைந்தது. கடைசியில் கயிறு மட்டும் வந்து போனது.

"இஞ்சாரும், நீர் பயப்பிடாதையும்" என்றார்.

"பயமாத்தான் கிடக்கு."

கயிறு அசையாமல் நின்றது. பிறகு அவர் சொன்னார்: "எனக்கும்."

அந்த வருத்தம் வந்தபிறகு அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். கிடுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அழுதபின் வேலியை முடித்தேன். வாய்க்கால் பக்கத்து வேலியில் ஒரு பொட்டும் (ஆள் குனிந்து நுழையும் வழி) வெட்டினேன்.

மத்தியானம் ஐயா வாய்க்கால் கட்டால் வந்தார். பொட்டடியில் நின்று குரல் கொடுத்தார்.

"இது வேற வளவுதானே பிள்ளை?"

வீட்டுப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னேன்: "ஓம் ஐயா, வேற வளவு."

அவர் குனிந்து உள்ளே போனார். ஸ்பிரிட் மணம் வேலியைத் தாண்டி வந்தது. அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். வேலி கட்டிய பிறகும் பயம் போகவில்லை. என்னவர் உடம்பில் கொப்புளம் போடுகிறதா, விட்டுப்போன ஊசியால் இருமல் திரும்புகிறதா என்று காதைக் கிடுகில் வைத்தே இருந்தேன். சோறு பறுவதமக்கா வீட்டிலிருந்து பொட்டால் போனது.

கொப்புளம் வாடியதும் செல்விக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணி வார்த்தோம். அவருக்குக் கொப்புளம் போடவில்லை. வேப்பிலையை அவிழ்த்தேன், வேலியை அவிழ்க்கவில்லை. கசம் முடியவில்லையே. மாதங்கள் போயின. மழை பெய்து கிடுகு கறுத்தது. ஊசி நின்று, குளிசையும் (மாத்திரை) நின்று, கடைசியில் டாக்குத்தர் புது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "தழும்பு மட்டும்தான் இருக்கு. இனிப் பிள்ளையைத் தூக்கலாம்" என்றார். பஸ்ஸில் வரும்போது எங்கள் இருவருக்கும் அதை நம்பப் பயமாக இருந்தது.

அன்றே வேலியைப் பிரித்தேன். கம்பு நின்ற குழிகளை மண்போட்டு மூடினேன். இன்றைக்கும் வேலைக்கு நடுவே திடீரென்று நின்று, இருமல் கேட்கிறதா என்று கேட்பேன். என் காது இப்போது எனக்குரியது அல்ல, அவர் நெஞ்சுக்குரியது. உங்களுக்கும் அப்படி ஆகலாம். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடேயே வேலியைக் கட்டலாம் என்றுதான் சொல்வேன்.

வேலி பிரித்த பின்னேரம் அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். செல்வி ஓடி வந்தாள். தேசிமரத்தடிக்கு வந்ததும் டக்கென்று நின்றாள். தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை.

"அப்பா, வரலாமோ?"

அவர் இரண்டு கையையும் நீட்டினார். பிறகு ஒரு கையை எடுத்துச் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வா பிள்ளை" என்றார்.