சகலை தின்ற கள்ளி

மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் இருமல் மருந்தைக்கூட அரை மூடிதான் குடிப்பார். முழு மூடி குடித்தால் தலை கிறுகிறுத்துவிடுமாம். அப்பேர்ப்பட்டவருடைய மொட்டைமாடியில்தான், மனிதனின் புத்தியைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொள்ளும் செடிகளாகவே வளர்ந்து நின்றன. ஊமத்தையில் நாலு நிறம், கள்ளியில் எத்தனையோ ரகம். ஒன்றையும் அவர் நாக்கில் வைத்ததில்லை. ஆனால் தின்றவனுக்கு என்ன தெரிகிறது என்பதை அறிந்துகொள்ளாமல் கண்ணை மூடுவதில்லை என்றிருந்தார். புத்தகங்களை நம்பிப் பயனில்லை. முக்கியமான இடம் வந்ததும் எல்லாமே "வார்த்தைக்கு அடங்காது" என்று கையை விரித்துவிடும். தெரிந்த மனிதன் ஒருவன், எதிரே உட்கார்ந்து, தன் வாயால் சொல்ல வேண்டும்.

மாடியின் மகாராணி ஒரு பெயோட்டே. முள்ளில்லாத, சாம்பல்பச்சை உருண்டைக் கள்ளி; பேய்க்கனவு காட்டும் சாதி. மூத்த மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் விதைத்தது. அவள் கல்லூரி முடித்தபோது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, முதல் மொட்டு வைத்திருந்தது.

குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது தொட்டியில் வெறும் குழி. மேலாக நறுக்கியிருந்தால் வேர் மறுபடி துளிர்க்கும். பாவி வேரோடு பிடுங்கியிருந்தான். தண்ணீர் ஊற்றச் சாவி வாங்கியிருந்தது ஒரே ஆள்: மனைவியின் தங்கை கணவர்.

"ஆதாரம் இல்லாம என் தங்கச்சி வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லாதீங்க" என்றாள் மனைவி.

"நான் சொல்லலியே. சாவிதான் சொல்லுது."

"சாவிக்கு வாய் இருக்கட்டும். உங்களுக்கு இருக்க வேணாம்."

அவர் பல்லை உள்ளே கடித்துக்கொண்டார்.

கள்ளி வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவருடைய மாடியில் கூடுவார்கள். அந்த மாதம் நர்ஸம்மா வீட்டு மாடி. புதிதாகச் சேர்ந்திருந்த சகலை நடுநாயகமாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சிநேகிதர் ஒருத்தர் குடுத்தாரு. பெயோட்டே. தின்னேன்."

"நிஜமாவா! எப்படி இருந்துச்சு?" என்றார் பஸ் டிரைவர்.

"மொதல்ல குடலே வெளிய வந்துடும்போல வாந்தி. அப்புறம் ஃபேன் சத்தம் ஊதா நிறத்துல தெரிஞ்சுது. சத்தியமா. அதுக்கப்புறம் சுவர் மெதுவா விலகுச்சு. விலகினா, அங்க..."

கூட்டம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. தன் மகாராணி அந்த வயிற்றில் கிடக்கிறாள் என்பது மட்டும் உறைத்தது. பச்சைப்பிள்ளைபோல் முகத்தை வைத்துக்கொண்டு பேச்சை வெட்டினார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு காணாமப்போச்சு. பெயோட்டே இல்ல, நட்சத்திரக் கள்ளி. பாக்க அச்சு அசல் பெயோட்டே மாதிரியே இருக்கும். தின்னா ஒண்ணும் ஆகாது, வெள்ளரிக்காய்தான். எடுத்த மகராசன் ஏமாந்திருப்பான், பாவம்."

"இல்லண்ணே, அது அசல்..." என்று எழுந்த சகலை, திருட்டைத் தானே ஒப்புக்கொள்வது புரிந்து பாதியில் நின்றார்.

எடுத்தது யார் என்று கூட்டம் பெரிதாக ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார். "வெள்ளரிக்காய்க்கே சுவர் விலகுச்சுன்னா, பூசணிக்காய்க்கு வீடே இடிஞ்சிருக்குமே!" நர்ஸம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைப் பேசிய திருடன் புளுகனாகவும், புளுகிய யோக்கியன் சத்தியவானாகவும் மாடிப்படி இறங்கினார்கள். சகலைக்கு வெள்ளரிக்காய் என்ற பெயர் மாமனார் வீடுவரை போய்ச் சேர்ந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் சில வாரம் நிம்மதியாகக் குறட்டை விட்டார். பிறகு ஒருநாள், லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கை நின்றது. சுவர் விலகியது, சரி. விலகி?

இத்தனை வருடம் தேடிய ஆள், தன் குடும்பத்திலேயே, எதிரிலேயே உட்கார்ந்து சொல்ல வாயெடுத்தான். அந்த வாயை அடைத்தது யார்?

கிட்டத்தில் பார்வை மங்குகிறது என்று சகலை கடைக்கு வந்தபோது, அவர் உபசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. இருட்டறையில் நாற்காலியைத் தூசிதட்டிப் போட்டார். சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டு, லென்ஸ் மாற்றும் சாக்கில் குனிந்து கேட்டார்.

"சகலை, அன்னிக்குச் சுவர் விலகுச்சுன்னியே. அங்க என்ன இருந்துச்சு?"

"அது பொய்னு நீங்கதானண்ணே நாலு பேர் முன்னாடி சொன்னீங்க."

"அசல்னு எனக்குத் தெரியாதா? வளத்தவன் நான். நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். நீ அதை மட்டும் சொல்லு."

சகலை கனத்த ஃபிரேமுக்குள்ளிருந்து ஆந்தைபோல் நிதானமாகப் பார்த்தார். திருடிய குற்றம் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

"பார்த்தேண்ணே. இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வழியில போறவன் கேட்டாக்கூட உட்கார வெச்சுச் சொல்லுவேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கட்டை வேகுற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"வேணும்னா நான் உன் கால்ல..."

"அடுத்த லென்ஸைப் போடுங்கண்ணே."

போட்டார். வேறென்ன செய்வது? சோதனை முடிந்ததும், வருடக்கணக்காக யாரும் சீண்டாத அகலச் சிவப்பு ஃபிரேம் ஒன்றை அடித்தட்டிலிருந்து தேடி எடுத்தார். "உன் முகவெட்டுக்கு இதுதான் சகலை. வேற எதுவும் எடுக்காது."

சகலை கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, நம்பி, அதையே போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் வாசல்வரை வந்து, அவர் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.